இடது பக்கம் ஒரு மச்சான்!

முத்துக் குளிக்கப் போறவர், தன் இடுப்புக் கயிற்றை யார் கையில கொடுத்துட்டுக் கடலுக்குள்ள குதிப்பார் தெரியுமா பாஸ்? அண்ணன்கிட்டயோ தம்பிகிட்டயோ இல்லையாம். மச்சான்கிட்ட! அதாவது, பொண்டாட்டி கூடப் பிறந்தவன்கிட்ட. பங்காளிக்குச் சொத்து ஆசை வந்து கயிற்றை நழுவ விட்டாலும் விடலாம். தங்கச்சி தாலி மேல அக்கறை இருக்குறவன் விடவே மாட்டான். அதுதான் லாஜிக். மலை உச்சியில தொங்கித் தேன் எடுக்குறவங்களைப் பத்தியும் இதே கதையைச் சொல்லுவாங்க.

கதை நிஜமோ, நம்ம ஊர்ப் பாட்டிகள் கட்டிவிட்டதோ... அதுக்குள்ள ஒரு பக்கா இன்ஜினீயரிங் விதி ஒளிஞ்சிருக்கு. உங்களைக் காப்பாத்த வேண்டியவன் உங்களோட சேர்ந்து மூழ்கக் கூடாது. உங்களுக்கு வர்ற பிரச்னை அவனுக்கும் அதே நேரத்துல வரக் கூடாது. அதனாலதான் அவன் படகுல இருக்கான்.

ஸ்கூபா டைவிங்ல இந்த மச்சானுக்குப் பேரு 'பட்டி'. பட்டிதொட்டி பட்டி இல்லைங்க, கூட நீந்துற ஜோடி! என் சிலிண்டர்ல காத்து தீர்ந்தா, ஜோடி தன்னோட சிலிண்டர்ல இருந்து எனக்குக் கொடுக்கணும். அதுக்காகவே ஒவ்வொருத்தர் ரெகுலேட்டர்லயும் மஞ்சள் கலர் ஹோஸோட இன்னொரு வாய்க்குழாய் தொங்கும். ஆக்டோபஸ்னு பேரு. போன வருஷம் பாண்டிச்சேரியில நான் ஓபன் வாட்டர் கோர்ஸ் பண்ணினப்போ, இந்தப் பாடத்தைத்தான் திரும்பத் திரும்ப நடத்தினாங்க. இதுவரைக்கும் என் கணக்குல 14 டைவ். 14 தடவையும் பக்கத்துல ஒரு ஆள் இருந்தாங்க.

சரி, ஆளே இல்லாம இறங்கினா?

சிங்கப்பூர்ல இருக்குற என் பெரியம்மா பையன் அப்படித்தான் இறங்கப் போறதா சொன்னான். லீவு கிடைச்சா மலேசியாவுல இருக்குற தியோமான் தீவுக்குக் கிளம்பிடுற ஆள் அவன். 150 டைவ் தாண்டியாச்சு. கையில கேமரா. கட்டை விரல் சைஸ்ல இருக்குற கடல் நத்தையைப் படம் எடுக்க முக்கால் மணி நேரம் ஒரே பாறையில தவம் கிடப்பான். எந்த ஜோடிதான் அதுவரைக்கும் பொறுமையா நிப்பாங்க? 'கூட வந்தவங்களையும் கஷ்டப்படுத்தி, நானும் அவசரப்பட்டு... எதுக்கு? முறையா சோலோ கோர்ஸ் பண்ணிட்டுத் தனியாவே இறங்குறேன்'னு முடிவு பண்ணிட்டான்.

இதைக் கேட்டதும் பெரியம்மா போன்லயே ஒப்பாரி வெச்சாங்க. அண்ணி அழலை. எனக்கு ஒரு போட்டோ மட்டும் அனுப்பினாங்க. மஞ்சள் கலர்ல, தண்ணி பாட்டில் உயரத்துக்கு ஒரு குட்டி சிலிண்டர். தலையிலேயே வாய்க்குழாய். கூடவே ஒரு வரி: 'உங்க அண்ணன் இதைத்தான் பேக்கப்புக்கு எடுத்துட்டுப் போறாராம். நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? இது போதுமா, போதாதான்னு மட்டும் சொல்லு பாப்பா.'

அண்ணி இடுப்புல ஒன்றரை வயசுக் குழந்தை. போகாதேன்னு அவங்க சொல்லலை. போதுமானு மட்டும்தான் கேட்டாங்க. அதுக்கு 'பார்த்துக்கலாம் அண்ணி'னு பதில் போட முடியாது பாஸ். நம்பர்தான் பதில்.

பேப்பர், பேனா எடுங்க!

தண்ணிக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். மேல 1 பார், 10 மீட்டர்ல 2, 20 மீட்டர்ல 3, 30 மீட்டர்ல 4. ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தோட அழுத்தத்துலதான் காத்தைக் கொடுக்கும். ஆக, 30 மீட்டர்ல ஒரு மூச்சு இழுத்தா, மேல 4 மூச்சு இழுத்ததுக்குச் சமமான காத்து காலி!

அடுத்து, ஒரு ஆள் எவ்வளவு மூச்சு விடுவார்? சும்மா மிதந்துட்டு மீன் பார்க்குறப்போ நிமிஷத்துக்கு 15 லிட்டர் போதும். ஆனால், இருக்குற ஒரே சிலிண்டர் திடீர்னு நின்னு போன ஆள் மீன் பார்த்துட்டு இருக்க மாட்டாரே! நெஞ்சு படபடக்கும், மூச்சு இரைக்கும். அதனால நிமிஷத்துக்கு 30 லிட்டர்னு வெச்சுக்கிட்டேன்.

அண்ணனோட கார்டு அனுமதிக்கிற ஆழம் 30 மீட்டர். அங்கே காத்து நின்னா என்னென்ன நடக்கணும்?

முதல் ஒரு நிமிஷம், என்ன ஆச்சுன்னு புரிஞ்சு, பேக்கப்பை வாயில வெச்சு, மேல கிளம்ப. 30 லிட்டர், 4 பார். ஆக 120 லிட்டர்.

அப்புறம் நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல 5 மீட்டர் ஆழம் வரைக்கும் ஏறணும். சுமார் 3 நிமிஷம். சராசரி அழுத்தம் 2.75 பார். ஏறக்குறைய 250 லிட்டர்.

5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும். ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் பொறுமையா வெளியே போறதுக்கான பாதுகாப்பு நிறுத்தம் இது. 135 லிட்டர்.

கடைசி 5 மீட்டரை ஒரு நிமிஷத்துல நிதானமா ஏற, இன்னொரு 40 லிட்டர்.

மொத்தம் 545 லிட்டர்.

அண்ணன் வாங்கின குட்டி சிலிண்டர்ல இருக்குறது 3 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். பெருக்கிப் பார்த்தா... 85 லிட்டர்!

545 எங்கே, 85 எங்கே? 30 மீட்டர்ல அவன் நிமிஷத்துக்கு 120 லிட்டர் இழுக்குற வேகத்துல, அந்த பாட்டில் 42 செகண்ட்ல தீர்ந்துடும். கிளம்பலாமா வேணாமான்னு யோசிக்கிற நேரத்துக்குள்ளேயே கதை முடிஞ்சிடும்.

'நிறுத்தம் எதுக்கு, விருட்டுனு மேல வந்துட வேண்டியதுதானே?'னு கேக்குறீங்களா? மேல வர வர நுரையீரல்ல இருக்குற காத்து விரியும். பயத்துல மூச்சை அடக்கிட்டு ஏறினா நுரையீரல் கிழிஞ்சு போகலாம். வேகமா ஏறினா நைட்ரஜன் குமிழி குமிழியா வெளியேறி, மூட்டு வலியில இருந்து பக்கவாதம் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி. மெதுவா ஏறணும். மெதுவா ஏற, காத்து வேணும்.

குட்டி பாட்டில் மேல எனக்குக் கோபம் இல்லை. தண்ணியில விழுந்து தலைகீழாக் கவிழ்ந்த ஹெலிகாப்டர்ல இருந்து வெளியே வர, இதே மாதிரி பாட்டிலைத்தான் வீரர்கள் உடம்போட கட்டியிருப்பாங்க. சில மீட்டர் ஆழம், சில மூச்சு, வெளியே வந்துடலாம். அந்த வேலைக்கு அது சரி. 10 மீட்டர்ல இருந்து நிறுத்தம் இல்லாம நேரா ஏறுறதுக்கும் ஏதோ சமாளிக்கும். 30 மீட்டருக்கு இல்லை.

'அண்ணி, போதாது'னு கணக்கோட அனுப்பினேன். அண்ணனுக்கும் அதே பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நாள் சத்தமே இல்லை. மூணாவது நாள் போன் வந்துச்சு.

'பாப்பா, நீ எத்தனை டைவ் பண்ணியிருக்க?'

'14 அண்ணா.'

'நான் 150. ஒரு தடவைகூட காத்து தீர்ந்தது இல்லை, தெரியும்ல?'

'அப்போ அந்த பாட்டிலை ஏன் வாங்கினே அண்ணா?'

மறுமுனையில சத்தம் இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன். கட் ஆகலை.

அடுத்த ட்ரிப்ல அவனே ஒரு வேலை பண்ணினான். 20 மீட்டர்ல, பக்கத்துல இன்ஸ்ட்ரக்டரை நிக்க வெச்சுட்டு, மெயின் ரெகுலேட்டரைக் கழற்றி, குட்டி பாட்டிலை வாயில வெச்சு, அசையாம மிதந்துக்கிட்டே வாட்ச்சைப் பார்த்திருக்கான். பயம் இல்லை, படபடப்பு இல்லை, உதவிக்கு ஆள் ரெடி. அப்படியும் ஒன்றே முக்கால் நிமிஷத்துல மூச்சு இறுக ஆரம்பிச்சிடுச்சு. கரைக்கு வந்ததும் எனக்கு ஒரே மெசேஜ்: 'எத்தனை கன அடி வாங்கணும்?'

எதை வாங்கணும்?

இந்த இடத்துல ஒரு குழப்பத்தை முதல்ல உடைச்சிடுவோம். 'அதான் ஆக்டோபஸ் இருக்கே'ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆக்டோபஸ்ல வாய்தான் ரெண்டு. வயிறு ஒண்ணு! ரெண்டு குழாயும் அதே சிலிண்டர்ல, அதே முதல்நிலை ரெகுலேட்டர்லதான் தொங்குது. சிலிண்டர் காலின்னா ரெண்டும் காலி. அது ஜோடிக்குக் கொடுக்குறதுக்கான குழாய். தனியா போறவருக்குப் பேக்கப் ஆகாது. ஒரே சிலிண்டருக்கு ரெண்டு வால்வு வெச்சு, ரெண்டு ரெகுலேட்டர் மாட்டுற ஏற்பாடும் இருக்கு. ரெகுலேட்டர் பழுதானா அது காப்பாத்தும். காத்து தீர்ந்தா? சாரி பாஸ்.

சுத்தமா தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர், தனி கேஜ். மூணும் சேர்ந்தாத்தான் மச்சான். ரெண்டு முழு சைஸ் சிலிண்டரை முதுகுல ஜோடியா மாட்டலாம்; 'சைடுமவுன்ட்'னு ரெண்டு விலாவுலயும் ஒவ்வொண்ணா தொங்க விடலாம். அதுக்கெல்லாம் தனிப் பயிற்சி வேணும், கனமும் ஜாஸ்தி. 30 மீட்டருக்குள்ள, நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டிய கட்டாயம் இல்லாத டைவ்களுக்கு, பலர் எடுத்துட்டுப் போறது 'போனி பாட்டில்'. குதிரைக்குப் பக்கத்துல குட்டிக் குதிரை மாதிரி, பெரிய சிலிண்டருக்குப் பக்கத்துல ஒரு சின்ன சிலிண்டர்.

அதுல 6, 13, 19, 30, 40 கன அடின்னு சைஸ் இருக்கு. 6-ல் சுமார் 170 லிட்டர். 13-ல் 368. 19-ல் 538. 30-ல் 850. நம்ம 545-ஐப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 19 கன அடி நூலிழையில ஃபெயில்! 30 வாங்கினா நிம்மதியா பாஸ். அதே கணக்கை 18 மீட்டருக்குப் போட்டா சுமார் 355 லிட்டர் வருது. 13 கன அடி ஜஸ்ட் பாஸ். ஆனால், ஜஸ்ட் பாஸ் எல்லாம் செமஸ்டர்ல ஓகே. கடல்ல ரீவேல்யுவேஷன் கிடையாது. 18-க்கு 19-ஐ எடுங்க.

ஆழம் எவ்வளவு, ஆபத்துல உங்க மூச்சு எவ்வளவு... ரெண்டையும் பெருக்கி வர்ற நம்பர்தான் பேக்கப். கடையில கண்ணுக்கு அழகா இருக்குறது இல்லை. சின்ன பாட்டில்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒண்ணுமே இல்லாதவருக்குத் தன்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு தெரியும். பயந்து பயந்து 10 மீட்டர்லயே சுத்துவார். 3 கன அடி வெச்சிருக்குறவர் அந்தத் தைரியத்துல 30-க்கு இறங்குவார். எங்க அண்ணன் இறங்க இருந்தான்.

எங்கே மாட்டணும்?

ரெண்டு வழி. ஒண்ணு, முதுகுல பெரிய சிலிண்டரோட பெல்ட் போட்டுக் கட்டிடுறது. கையை வீசி நீந்தலாம், முன்னாடி ஒண்ணும் இடிக்காது. ஆனால், வால்வு லீக் ஆனா கண்ணுக்குத் தெரியாது. கேஜைப் பார்க்கிறதும் கஷ்டம். வலையில சிக்கினா அவிழ்க்க எட்டாது.

ரெண்டாவது, இடது பக்க விலாவோட தொங்க விடுறது. கழுத்துல ஒரு கொக்கி, அடியில ஒரு கொக்கி. மேல் கொக்கி தோள்பட்டை வளையத்துல, கீழ்க் கொக்கி இடுப்பு வளையத்துல. வால்வு கைக்கு எட்டும், கேஜ் கண்ணுக்குத் தெரியும், அவசரம்னா கழற்றி வேற ஆளுக்கே கொடுத்துடலாம். அண்ணன் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ரெகுலேட்டரோட சேர்த்து 6, 7 கிலோ இருக்கும். கரையில முனகினான். தண்ணிக்குள்ள போனா அலுமினிய பாட்டில் அவ்வளவு கனமே தெரியலையாம்.

வாய்க்குழாயை ரப்பர் கயிற்றுல கோத்து, தாடைக்குக் கீழே மாலை மாதிரி போட்டிருக்கான். வாய்ப்பக்கம் கீழே பார்த்த மாதிரி. மேலே பார்த்தா காத்து தானா பீறிட்டுக் கொட்டிடும். இருட்டுலயும் குழப்பத்துலயும் கையைத் தூக்கினா ஒரே இடத்துல கிடைக்கணும். பேன்ட் பாக்கெட்ல தேடுற சாவி மாதிரி இருக்கக் கூடாது.

வால்வைத் திறந்து வைக்கணுமா, மூடி வைக்கணுமா? டைவர்களுக்குள்ள ஓயாத பட்டிமன்றம் இது. திறந்து வெச்சா உடனே மூச்சு கிடைக்கும். ஆனால், தெரியாமலே கசிஞ்சு தீர்ந்துடலாம். மூடி வெச்சா கசியாது. ஆனால், மூச்சே இல்லாத நேரத்துல வால்வைத் திருகணும். அதோட, ஆழம் கூடக் கூட ஹோஸுக்குள்ள இருக்குற அழுத்தம் போதாம தண்ணி உள்ளே புகுறதுக்கும் சான்ஸ் இருக்கு. அண்ணன் திறந்தே வைக்கிறான், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேஜைப் பார்க்கிறான். பாட்டில் கண் முன்னாடி இருக்குறதால இது முடியுது.

இன்னொண்ணு... ரெண்டு வாய்க்குழாயும் ஒரே மாதிரி இருந்தா, அவசரத்துல மாத்தி மாட்டிட்டுக் குதிச்சிடலாம். அப்போ மெயின் சிலிண்டர் ஃபுல்லா இருக்க, பேக்கப்ல மூச்சு விட்டு அதைத் தீர்த்துடுவீங்க! இப்படி நடந்த விபத்துகள் உண்டு. அதனால வேற கலர், வேற வடிவ வாய்ப்பிடி. தொட்டாலே தெரியணும்.

ஒவ்வொரு டைவ்லயும் ஒரு தடவை, மெயினைக் கழற்றி போனிக்கு மாறி நாலு மூச்சு விட்டுட்டுத் திரும்ப மாறுறான். பழக்கம் கைக்கு வரணும், மூளைக்கு வந்தா போதாது. அதைத் தவிர போனி காத்தைத் தொடுறதே இல்லை. 'இன்னும் அஞ்சு நிமிஷம் படம் எடுக்கலாம், அதான் போனி இருக்கே'ன்னு ஆரம்பிச்ச நிமிஷமே, அது பேக்கப் இல்லை. வெறும் பெரிய சிலிண்டர்.

மச்சானும் சேர்ந்து மூழ்கினா?

நம்ம நம்பகத்தன்மை பாடத்துல ஒரு அழகான கணக்கு வரும். ஒரு கருவி 100-ல் ஒரு தடவை பழுதாகும்னா, ரெண்டு கருவியும் சேர்ந்து பழுதாக 10,000-ல் ஒரு தடவைதான் வாய்ப்பு. ஆனால், ஒரு கண்டிஷன்: ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சார்ந்திருக்கக் கூடாது.

1989-ல் அமெரிக்காவுல யுனைடெட் ஏர்லைன்ஸ் 232-ம் எண் விமானம். டி.சி-10 ரகம். விமானத்தைத் திருப்புற ஹைட்ராலிக் அமைப்பு ஒண்ணுக்கு மூணு. மூணும் ஒரே நேரத்துல போக வாய்ப்பே இல்லைன்னு நம்பினாங்க. ஆனால், மூணோட குழாய்களும் வால் பக்கத்துல கிட்டக் கிட்டப் போச்சு. வால் இன்ஜினோட விசிறித் தட்டு உடைஞ்சு சிதற, மூணும் ஒண்ணாப் போயிடுச்சு. பைலட்டுகள் மத்த ரெண்டு இன்ஜினோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சே சூ சிட்டி வரைக்கும் கொண்டு வந்தாங்க. 184 பேர் பிழைச்சாங்க. 112 பேர் இறந்தாங்க.

கடலுக்கு அடியில அந்தப் பொதுக் குழாய் எது? கம்ப்ரஸர்! காத்து நிரப்புற கம்ப்ரஸர் பக்கத்துல ஏதாவது இன்ஜின் புகை விட்டா, சிலிண்டருக்குள்ள கார்பன் மோனாக்சைடு போயிடும். வாசனை கிடையாது. மெயினையும் போனியையும் ஒரே காலையில, ஒரே கம்ப்ரஸர்ல நிரப்பினா, மச்சானும் உங்களோட சேர்ந்தே மூழ்குறான். அண்ணன் இப்போ போனியை ஒரு ட்ரிப்ல நிரப்பி, அடுத்தடுத்த ட்ரிப்புக்கு அதையே வெச்சுக்கிறான். மெயின் மட்டும் அன்னன்னைக்கு. கேஜ்ல அழுத்தம் குறைஞ்சாத்தான் திரும்ப நிரப்புறது.

இதையெல்லாம் பண்ணியும் தீராத ஒரு பொதுக் குழாய் இருக்கு. அது டைவர்தான். மயக்கம் வந்தா, நெஞ்சு வலிச்சா, ஆழத்துல நைட்ரஜன் போதை ஏறித் தலை கிறுகிறுத்தா... 30 கன அடி இல்லை, 300 கன அடி தொங்கினாலும் அதை எடுத்து வாயில வைக்க ஒரு கை வேணும். ஜோடிக்கு அந்தக் கை இருக்கு. பாட்டிலுக்கு இல்லை. இதையும் அண்ணிக்கு எழுதி அனுப்பினேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை. அண்ணி அண்ணன்கிட்ட ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. தனியா இறங்குற டைவ் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது. கடல் நத்தைகள் அதுக்கு மேலேயே நிறைய இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும். அண்ணன் ஒத்துக்கிட்டான். ஆனாலும், 30 கன அடியைத்தான் வாங்கினான்.

எனக்கு? எஸ்.டி.ஐ. அமைப்போட சோலோ டைவர் கோர்ஸுக்கு 21 வயசும் 100 டைவும் வேணும். வயசுக்கு ஒரு வருஷம் பாக்கி, டைவுக்கு 86 அரியர். அதுக்குள்ள ஒரு வேலை இருக்கு. அது ஜோடியோட போற உங்களுக்கும் பொருந்தும். ஜோடின்னு பேருதான், பாதி நேரம் அவங்க 10 மீட்டர் தள்ளி வேற பாறையைப் பார்த்துட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல நீங்களும் தனி ஆள்தான். என்ன, அது உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த டைவ்ல 10 மீட்டர் ஆழத்துல 10 நிமிஷம் ஒரே மட்டத்துல நீந்துங்க. ஆரம்பத்துலயும் முடிவுலயும் கேஜைக் குறிச்சுக்குங்க. குறைஞ்ச பாரை சிலிண்டரோட லிட்டர் கொள்ளளவால பெருக்கி, 10 நிமிஷத்தால வகுத்து, அங்கே இருக்குற 2 பாரால இன்னொரு தடவை வகுங்க. வர்றதுதான் உங்க நிமிஷ மூச்சு. அதை ரெண்டால பெருக்கினா, பயந்தப்போ உள்ள மூச்சு. அந்த நம்பரைக் கையில வெச்சுக்கிட்டு அப்புறமா கடைக்குப் போங்க.